பார்க்காதவர்களைப் பற்றி ஒரு பட்டியல்: செர்பிய மாணவர்களும் இன முத்திரைகளும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு கடைக்குள்ள இருந்து ஆரம்பிக்கிறேன்.

2018 அக்டோபர். செர்பியாவின் வடக்கில் தான்யூப் நதிக்கரையில் இருக்கிற நோவி சாட் நகரத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போயிருந்தேன். போய் ரெண்டாவது வாரம், ஷாம்பூ வாங்க ஒரு கடைக்குள்ள நுழைந்தேன். கொஞ்ச நேரத்தில் புரிந்தது, காவலாளி என் பின்னாடியே வருகிறார். நான் ஒரு வரிசையில் திரும்பினால் அவரும் திரும்புகிறார். நான் நின்றால் அவரும் நின்று, எதிரே இருக்கிற சோப்பைப் பார்க்கிறார். பில் போடுற இடத்தில் இருந்த பெண், பையைத் திறந்து காட்டுன்னு சைகை காட்டினார். எனக்கு முன்னாடி நின்ற நாலு பேரில் யாரையும் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு அந்த மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. பையைத் திறந்தேன், உள்ளே இருந்த பாஸ்போர்ட் நகலை எடுத்துக் காட்டி "இந்தியா"ன்னு சொன்னேன். அந்த முகம் மாறின வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. "ஓ, இண்டியா!" ஒரு பெரிய சிரிப்பு. இவ்வளவு நேரம் பின்னாடி வந்த காவலாளி கைகூப்பி "நமஸ்தே" சொல்றார்!

விடுதிக்கு வந்து அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் தெற்கு செர்பியாவில் லெஸ்கோவட்ஸ் என்ற ஊர்க்காரி, உளவியல் மாணவி, ரொம்ப நல்ல பெண். ஆச்சரியமே படவில்லை. "உன்னை சிகான்காவா நினைச்சிருப்பாங்க. இனிமே கடைக்குப் போனா போன்ல சத்தமா இங்கிலீஷ் பேசு, சரியாயிடும்" என்றாள். சிகான்கா என்றால் ரோமா இனப் பெண்; மரியாதையான சொல் இல்லை. அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே முகம், அதே தோல், அதே பை. 'ரோமா' என்று நினைத்தபோது ஒரு பட்டியல், 'இந்தியா' என்றதும் வேற பட்டியல். ரெண்டிலேயும் நான் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ரோமா மக்களின் மூதாதையர்கள் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வட இந்தியப் பகுதியில் இருந்து கிளம்பியவர்கள். அவர்கள் பேசுகிற ரோமானி மொழியில் ஒன்று, ரெண்டு, மூணு எண்ணிப் பாருங்கள்: ஜேக், தூய், த்ரின், ஷ்தார், பாஞ்ச். இந்தி தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அதாவது அந்தக் காவலாளி எந்த இந்தியாவைக் கேட்டுக் கைகூப்பினாரோ, அங்கே இருந்து வந்தவர்களைத்தான் தினமும் சந்தேகமாகப் பார்க்கிறார். நேருவும் டிட்டோவும் சேர்ந்து நின்ற காலம் அந்த நாட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961-ல் பெல்கிரேடில்தான் நடந்தது, புது பெல்கிரேடில் நேரு பெயரில் தெருவே இருக்கு. அந்த 'இந்தியா' ஒரு நினைவில் இருந்து வருது. 'ரோமா' வேற எங்கிருந்தோ வருது. எங்கிருந்து என்பதுதான் இன்றைய விஷயம்.

ஸ்டீரியோடைப் என்பது முதலில் அச்சகத்துச் சொல். கோத்த எழுத்துகளை அப்படியே ஒரே உலோகத் தகடாக வார்த்து எடுத்தால், அதை வைத்து ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். ஆனால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. 1922-ல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்தச் சொல்லை எடுத்து மனித மனதுக்குப் பொருத்தினார். நாம பார்த்துவிட்டு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதை அளக்கிற முதல் முயற்சி 1933-ல் வெளியானது. காட்ஸ், பிரேலி என்ற ரெண்டு பேர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 100 பேரிடம் 84 குணங்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்தார்கள். ஜெர்மானியர், இத்தாலியர், கறுப்பினத்தவர், யூதர், ஜப்பானியர், துருக்கியர் என்று பத்து இனங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பொருத்தமான குணங்களைத் தேர்ந்தெடுக்கணும். துருக்கியருக்கு மாணவர்கள் அதிகமாகக் கொடுத்த குணம் 'கொடூரமானவர்'. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஒரு துருக்கியரைக்கூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அடுத்து இன்னொன்று கவனியுங்கள். 1933-ல் ஜப்பானியர் 'புத்திசாலி, உழைப்பாளி'. அதே பல்கலைக்கழகத்தில் மறுபடி கேட்டு 1951-ல் வெளியிட்டபோது 'காப்பியடிப்பவர், தந்திரக்காரர்'. நடுவில் ஜப்பானியரின் குணம் மாறவில்லை, ஒரு போர் நடந்திருந்தது, அவ்வளவுதான்.

இப்போ நோவி சாடுக்குத் திரும்புவோம். சமூக உளவியல் வகுப்பில் ஒரு நாள் பேராசிரியர் இதே பயிற்சியைச் செய்ய வைத்தார். ஆய்வெல்லாம் இல்லை, வகுப்பில் விவாதிக்க ஒரு சின்னப் பயிற்சி. இருபது பேர் இருந்திருப்போம். பெயர் எழுத வேண்டாம், ஒவ்வொரு இனத்துக்கும் மனசில் முதலில் வருகிற நாலைந்து சொற்களை எழுதுங்கள் என்றார். பிறகு தாள்களைக் கலைத்துப் படித்தார். ஜெர்மானியர்: ஒழுங்கு, நேரம் தவறாமை, உணர்ச்சியே இல்லாதவர்கள். ஸ்லோவீனியர்: சுத்தம், கருமித்தனம். மாண்டினீக்ரோ நாட்டவர்: உயரம், பெருமை, சோம்பல். அதுவும் சோம்பல் ஏறக்குறைய எல்லாத் தாளிலும்! போஸ்னியர்: நல்ல மனசு, மந்தம். ரோமா: இசை, சந்தோஷம், அழுக்கு, திருட்டு. அல்பேனியர்: ஒற்றுமை, நிறைய பிள்ளைகள், நம்ப முடியாதவர்கள். குரோட்டுகளுக்கு வந்ததுதான் விசித்திரம். ஒரு தாளில் 'பண்பானவர்கள்', அடுத்ததில் 'பாசாங்குக்காரர்கள்', அதற்கடுத்ததில் 'எங்களை மாதிரியே'.

கடைசியாகத் தங்களைப் பற்றி: விருந்தோம்பல், பெருமை, பிடிவாதம், ஒற்றுமையின்மை. இதில் 'இனாட்' என்ற சொல் பல தாளில் வந்தது. தனக்கே நஷ்டம் என்று தெரிந்தும் விட்டுக்கொடுக்காத வீம்பு. இதைச் செர்பியர்கள் தங்கள் தேசிய குணம்னு சிரிச்சுக்கிட்டே, கொஞ்சம் பெருமையாகவும் சொல்லுவாங்க. அந்தச் சொல் அரபியில் இருந்து துருக்கி வழியாக வந்தது என்று பேராசிரியர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. தங்களைத் தனித்துக் காட்டுவதற்கு எடுத்த சொல்லே, யாரிடமிருந்து தனித்து நிற்கணும்னு நினைக்கிறார்களோ அவர்கள் கொடுத்தது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தாளில் எதுவுமே எழுதவில்லை. "இப்படிப் பொதுவாகச் சொல்றது தப்பு" என்றான். இதுவும் பழைய கதைதான். 1951 ஆய்விலேயே பிரின்ஸ்டன் மாணவர்கள் சிலர் இதே மாதிரி எரிச்சல்பட்டிருக்கிறார்கள். ஆனால் பேராசிரியர் விடவில்லை. "நீ நம்புறியான்னு கேட்கல. உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். மத்தவங்க என்ன எழுதியிருப்பாங்கன்னு உன்னால ஊகிக்க முடியுமா?" பையன் கொஞ்சம் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னான். முக்கால்வாசி சரி! பட்ரீஷியா டிவைன் என்ற உளவியலாளர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது: முத்திரையைத் தெரிந்திருப்பது வேறு, நம்புவது வேறு. நம்பாதவரின் தலைக்குள்ளும் அது இருக்கும், கவனம் தப்பினால் முதலில் எழுந்து வருவதும் அதுதான். கடையில் என் பின்னாடி வந்த காவலாளி நல்ல மனுஷராகவே இருக்கலாம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

சரி, இந்தப் பட்டியலுக்குள் ஒரு வரிசை இருக்கு, கவனித்தீர்களா? மிலிட்சா பாகிச்-ஹேடன் என்ற ஆய்வாளர் 1995-ல் இதை எழுதினார். பழைய யுகோஸ்லாவியாவில் ஒவ்வொருவரும் தனக்குத் தெற்கிலோ கிழக்கிலோ இருப்பவரை 'கிழக்கத்தியர்', அதாவது பின்தங்கியவர் என்று பார்க்கிறார்கள். ஸ்லோவீனியரும் குரோட்டும் செர்பியரை அப்படிப் பார்க்க, செர்பியர் போஸ்னிய முஸ்லிமையும் அல்பேனியரையும் அப்படிப் பார்க்க. மேற்கு ஐரோப்பியரைக் கேட்டால் இவர்கள் எல்லோருமே பால்கன், எல்லோரும் ஒன்றுதான்! செர்பியாவுக்குள்ளேயே இது நடக்கிறது. வடக்கில் வொய்வோதினா பகுதிக்காரர்கள் மந்தமானவர்கள் என்று 'லாலா' ஜோக்குகள், தென்கிழக்கில் பிரோட் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று ஜோக்குகள். என் அறைத்தோழியின் தெற்கத்தி உச்சரிப்பைக் கேட்டு நோவி சாட் பையன்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது.

ஜோக்குன்னு சொன்னதும் அதைப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும். அந்த விடுதியில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஜோக்கு நேரம். முஜோ, ஹாசோ என்று ரெண்டு போஸ்னியர்கள், முஜோவின் மனைவி பாத்தா. முஜோ முட்டாள். ஆனால் பல ஜோக்கில் கடைசியில் ஜெயிப்பதும் முஜோதான். இந்த ஜோக்குகளைப் போஸ்னியர்கள் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். சரயேவோ முற்றுகையில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலும் சொன்னார்கள். மாண்டினீக்ரோக்காரர்களைப் பாருங்கள். மனிதன் களைப்பாகப் பிறந்து ஓய்வெடுக்க வாழ்கிறான் என்கிற மாதிரி 'பத்துக் கட்டளைகள்' அச்சடித்த சட்டையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அவர்களே விற்கிறார்கள். பிரெஸ்னா என்ற கிராமத்தில் வருஷா வருஷம் யார் அதிக நேரம் படுத்தே கிடக்கிறார்கள் என்று ஒரு போட்டி வேற நடக்குது. 2023-ல் ஜெயித்தவர் 50 நாள் படுத்திருந்தார். 50 நாள்!

இந்த மாதிரி முத்திரை ஆபத்தில்லாததா? முழுசா அப்படிச் சொல்ல மாட்டேன். சோம்பேறி என்ற பெயர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஜோக்காக இருக்காது. ஆனால் நான் கவனித்தது இதுதான்: முத்திரை குத்தப்பட்டவர் அதே மேசையில் உட்கார்ந்து, அதே மொழியில், அதே ஜோக்கை இன்னும் நன்றாகத் திருப்பிச் சொல்ல முடிகிறது. செர்பியர், குரோட், போஸ்னியாக், மாண்டினீக்ரோ நாட்டவர் பேசுவதற்கு இன்று நாலு பெயர் இருந்தாலும், ஒருவர் பேசினால் மற்றவருக்குப் புரியும். குரோட்டுகளோடு 1991 முதல் 1995 வரை ரத்தம் சிந்திய போர் நடந்தது. ஆனாலும் குரோஷியப் பாட்டை இந்த மாணவர்கள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அதனால்தான் அந்தத் தாள்களில் குரோட் பற்றி ஒன்றுக்கொன்று முரணான சொற்கள் வந்தன என்று நினைக்கிறேன். முரண் இருந்தால், அங்கே இன்னும் பேச இடம் இருக்குன்னு அர்த்தம்.

அல்பேனியர் தாள்களில் முரணே இல்லை. பேராசிரியர் கேட்டார், "இதுல யாருக்காவது ஒரு அல்பேனிய நண்பர் இருக்காங்களா?" வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பெண் மட்டும், "எங்க தெரு பேக்கரிக்காரர்" என்றாள்.

கொசோவோவை விட்டுவிட்டு எண்ணினாலும் செர்பியாவில் அல்பேனியர்கள் இருக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் சுமார் 62,000 பேர், பெரும்பாலும் தெற்கு ஓரத்தில் ப்ரெஷேவோ, புயானோவட்ஸ் பகுதிகளில். என் அறைத்தோழியின் ஊரில் இருந்து புயானோவட்ஸ் நூறு கிலோமீட்டருக்குள்தான். அவள் ஒரு அல்பேனியரிடம் வாழ்க்கையில் பேசியதே இல்லை. இது எப்படி நடக்குது?

பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம், அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொசோவோவின் பிரிஸ்டினா பல்கலைக்கழகத்தில் யுகோஸ்லாவிய காலத்தில் அல்பேனிய மொழியிலும் செர்போ-குரோஷிய மொழியிலும் பாடம் நடந்தது. 1981 மார்ச்சில் அங்கே மாணவர் போராட்டம் வெடித்தது. தொடங்கிய இடம் எது தெரியுமா? சாப்பாட்டுக்கூடம். சாப்பாடு மோசம் என்று ஆரம்பித்தது, சில நாளில் கொசோவோவுக்குக் குடியரசு அந்தஸ்து வேணும்னு ஆனது. பிறகு மிலோஷெவிச் காலம். 1991-ல் அல்பேனிய ஆசிரியர்களும் மாணவர்களும் வளாகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் தனியார் வீடுகளில், கூடத்தில் தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பல்கலைக்கழக வகுப்பு நடத்தினார்கள். 1999-ல் போர், நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சு, அதன் முடிவில் நிலைமை தலைகீழ். இப்போது அல்பேனியர்கள் கட்டடங்களுக்குத் திரும்ப, செர்பிய ஆசிரியர்களும் மாணவர்களும் கிளம்ப வேண்டியிருந்தது. செர்பியப் பல்கலைக்கழகம் கடைசியில் வடக்கு மித்ரோவிட்சாவில் நிலைகொண்டது. இன்றைக்கு சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் ரெண்டு பல்கலைக்கழகம், ரெண்டும் தன்னைப் பிரிஸ்டினா பல்கலைக்கழகம் என்றே அழைத்துக்கொள்கிறது. அந்த மாணவர் இந்த வளாகத்துக்கு வருவதில்லை, இந்த மாணவர் அந்த வளாகத்துக்குப் போவதில்லை.

மொழியும் அறுந்துபோச்சு. யுகோஸ்லாவிய காலத்தில் பள்ளிக்கூடம் போன கொசோவோ அல்பேனியருக்கு செர்போ-குரோஷியம் தெரியும். அவருடைய பேரனுக்குத் தெரியாது. செர்பியப் பக்கம் எப்போதுமே குறைவு. பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் அல்பேனிய மொழிக்குத் துறை இருக்கு, ஆனால் அதைத் தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ரெண்டு பக்கத்து இளைஞர்களும் எங்காவது சந்தித்தால் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். இங்கிலீஷில் ஜோக்கு சொல்லலாம், ஆனா அது முஜோ ஜோக்கு மாதிரி வராது.

பெயரில்கூட சிக்கல். அல்பேனியர்கள் தங்கள் மொழியில் தங்களை 'ஷ்ச்சிப்டார்' என்பார்கள். அதிலிருந்து வந்த 'ஷிப்டார்' என்ற சொல் செர்பிய வாயில் வரும்போது அது வசவு. "அவங்களே அப்படித்தானே சொல்லிக்கிறாங்க, நாங்க சொன்னா மட்டும் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் செர்பிய மொழியில் 'அல்பானட்ஸ்' என்று சாதாரணச் சொல் இருக்கும்போது, இதை ஒருவர் எப்போது தேர்ந்தெடுக்கிறார் என்று பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

அந்தப் பெண் சொன்ன பேக்கரிக்கு வருகிறேன். செர்பிய நகரங்களில் அல்பேனியர் நடத்தும் பேக்கரிகள் பழைய விஷயம். காலையில் வகுப்புக்கு ஓடும் மாணவர் கையில் இருக்கிற பூரெக், அந்த எண்ணெய் ஒழுகும் அடுக்குரொட்டி, பெரும்பாலும் அங்கே வாங்கியதுதான். 2014 அக்டோபரில் பெல்கிரேடில் செர்பியாவும் அல்பேனியாவும் கால்பந்து ஆடின. நடுவில் ஒரு ட்ரோன், அகன்ற அல்பேனியா வரைபடக் கொடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தது. கைகலப்பு, ஆட்டம் நின்றது. அடுத்த நாட்களில் வொய்வோதினா ஊர்களில், நோவி சாட் உட்பட, பேக்கரிகளின் மேல் தாக்குதல் நடந்தது. தினமும் காலையில் "ரெண்டு பூரெக்" என்று கேட்கிற அளவு பழக்கம், ஒரு ட்ரோனைத் தாண்டி நிற்கவில்லை.

கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்னது இதைத்தான். சும்மா பார்த்துக்கொள்வது போதாது; சம நிலையில், ஒரே நோக்கத்துக்காக, ஒருவரை ஒருவர் நம்பி வேலை செய்யும் தொடர்பு வேண்டும். 2006-ல் பெட்டிக்ரூவும் ட்ரோப்பும் 515 ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, தொடர்பு பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று வந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பது சம நிலை இல்லை. ரோமாவின் கதையும் இதுதான். அல்பேனியரைப் பார்க்காமலே பட்டியல் போடுகிறார்கள். ரோமாவைத் தினமும் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். கணக்கெடுப்பில் 1.3 லட்சம் பேர், உண்மை எண்ணிக்கை இதைவிடச் சில மடங்கு என்பது ஐரோப்பிய கவுன்சிலின் மதிப்பீடு. ஆனால் மாணவர் ரோமாவைப் பார்ப்பது குப்பையில் அட்டை பொறுக்கும்போதும், கல்யாணத்தில் ட்ரம்பெட் வாசிக்கும்போதும்தான். 'அழுக்கு', 'இசை' ரெண்டு சொல்லும் அங்கிருந்துதான் வருது. பக்கத்து பெஞ்சில் ரோமா மாணவர் உட்கார்ந்திருந்தால் மூன்றாவதாக ஒரு சொல் வந்திருக்கும். அந்த வகுப்பில் யாரும் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் ரோமா தோற்றத்தில் இருந்தது நான் ஒருத்திதான்!

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிடணும். இந்த மாணவர்கள் முத்திரை குத்துகிறவர்கள் மட்டும் இல்லை, முத்திரை வாங்கினவர்களும். தொண்ணூறுகளில் மேற்கத்தியப் படங்களிலும் செய்திகளிலும் 'செர்பியர்' என்றால் வில்லன். 2009 டிசம்பர் வரைக்கும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போக விசா வரிசையில் நிற்கணும். அப்பா அம்மா தூதரக வாசலில் விடியற்காலை நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். "வெளிநாட்டுல எந்த ஊர்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி யோசிப்பேன்" என்று அறைத்தோழி ஒருமுறை சொன்னாள். அந்த ஒரு நொடி எனக்கு நன்றாகப் புரிந்தது. அதே பெண்தான் என்னைக் கடையில் இங்கிலீஷ் பேசச் சொன்னவள். தான் பட்டது அடுத்தவரைப் புரியவைக்கும்னு நாம நினைக்கிறோம். சில சமயம் அது தப்பிக்கிற வழியை மட்டும்தான் கற்றுக்கொடுக்கிறது.

அன்றைக்கு வகுப்பில் ரெண்டாவது தாளும் இருந்தது. போகார்டஸ் அளவுகோல் என்பார்கள், 1920-களில் அமெரிக்காவில் உருவானது. இந்த இனத்தவர் உன் நாட்டுக்கு வரலாமா, குடிமகனாக இருக்கலாமா, உன்னோடு வேலை செய்யலாமா, பக்கத்து வீட்டில் இருக்கலாமா, நண்பராகலாமா, கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று படிப்படியாகப் போகும். இதே அளவுகோலின் ஒரு வடிவத்தில் யூஜின் ஹார்ட்லி என்பவர் 1946-ல் வெளியிட்ட ஆய்வில், டேனிரியர், பிரேனியர், வாலோனியர் என்று இல்லாத மூன்று இனங்களை நடுவில் செருகினார். மாணவர்கள் அவர்களையும் விலக்கி வைத்தார்கள்! செர்பியாவில் இந்த அளவுகோலை வைத்துப் பல முறை கேட்டிருக்கிறார்கள். அல்பேனியர்தான் திரும்பத் திரும்ப மிகத் தூரத்தில் நிற்கிறார்கள், அதிகமாக 'இல்லை' விழும் கேள்வி கல்யாணம்.

அறைத்தோழி தன் தாளை என்னிடம் காட்டினாள். அல்பேனியருக்கு வேலை, பக்கத்து வீடு, நட்பு எல்லாவற்றுக்கும் 'சரி'. கல்யாணத்துக்கு மட்டும் 'இல்லை'. ஏன்னு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மா செத்துருவாங்க" என்றாள். அந்தக் கேள்வித்தாள் மாணவியின் மனசை அளப்பதாக நினைக்கிறது. அளந்தது லெஸ்கோவட்ஸில் ஒரு சமையலறையை.

2024 நவம்பர் 1-ம் தேதி நோவி சாட் ரயில் நிலையத்தின் முகப்புக் கூரை இடிந்து விழுந்து 16 பேர் இறந்தார்கள். நான் எத்தனையோ தடவை நடந்த இடம். அதன்பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மாணவர்கள் பல்கலைக்கழகங்களை மூடி, ஊர் ஊராக நடந்தார்கள். 2025 ஏப்ரல் 12-ம் தேதி செர்பியாவின் பல பக்கத்தில் இருந்து மாணவர்கள் நோவி பசாருக்குப் போனார்கள். போஸ்னியாக் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஹிஜாப் அணிந்த மாணவிகளும் மற்றவர்களும் ஒரே கோரிக்கைக்காக ஒரே தெருவில் நின்றார்கள். ஆல்போர்ட் கேட்ட சம நிலை, பொது நோக்கம் ரெண்டும் அங்கே இருந்தது. ஆனால் அதே ஜூன் 28-ல், கொசோவோ போரை நினைவுகூரும் விடோவ்டான் நாளில், பெல்கிரேடு மேடையில் பழைய தேசியவாதப் பேச்சும் ஒலித்தது. மாணவர்களுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு வந்தது. இன்னொன்றும் சொல்லணும். நோவி பசார் மொழி புரிகிற ஊர், முஜோ ஜோக்கு செல்லுபடியாகிற ஊர். ப்ரெஷேவோ அப்படி இல்லை.

அறைத்தோழியின் தங்கை இப்போது நிஷ் நகரத்தில் படிக்கிறாள். அவளும் அன்றைக்கு நோவி பசாரில் இருந்தாள். அங்கே ஒரு குடும்பம் அவளையும் இன்னும் மூணு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப் போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, சாப்பிட வைத்து, ராத்திரி படுக்க இடம் கொடுத்ததாம். விருந்தோம்பல் எங்க குணம்னு எழுதினோமே, அதை இப்போ யார் பட்டியல்ல போடறதுன்னு தெரியலைன்னு அக்காவுக்கு எழுதியிருக்கிறாள். அக்கா அதை எனக்கு அனுப்பினாள். நான் சும்மா இருக்காமல், "அந்த ரெண்டாவது தாளைத் தங்கைகிட்ட கொடுத்தா, அல்பேனியர் வரிசையில கடைசிக் கேள்விக்கு என்ன போடுவா?" என்று கேட்டேன்.

ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. "கேட்டேன். ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லையே, முதல்ல நட்புக் கேள்விக்கே எப்படி 'சரி' போடறதுன்னு திருப்பிக் கேக்குறா."